மேகத்தில் இரண்டு சடையன்கள்

எங்கள் அலுவலகத்தின் முதல் சட்டம், மேகம் வந்தால் ஜன்னலைச் சாத்து என்பதுதான். கொல்லிமலையில் மேகம் அண்ணாந்து பார்க்கிற சமாசாரம் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வரும், பீரோவில் இருக்கும் ஃபைலைத் தொட்டுப் பார்க்கும், நாலு நாளில் அதில் பூஞ்சணம் பிடிக்க வைத்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட மேகத்தை வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் விரட்டிக்கொண்டிருந்தவள் நான். "இனிமேல் சங்கத்து விவரம் எல்லாம் மேகத்தில் இருக்கப் போகிறது" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அந்த மேகத்துக்கே காவல்காரியாகி, அந்த வேலையில்தான் ஓய்வும் பெற்றேன்.

இதை எழுதச் சொன்னது சங்கத்தின் புது மேலாளர். ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டுமாம். சங்கம் இந்த வருஷம் க்ளவுட் கம்பெனியை மாற்றுகிறது, மூன்று கம்பெனிக்காரர்கள் மலை ஏறி வரப்போகிறார்கள். இதைப் பற்றி அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், "எல்லாம் க்ளவுட்ல பத்திரமா இருக்குதுங்க்கா" என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்திரமா? யார் சொன்னது? யார் கையெழுத்துப் போட்டது? இரண்டு பக்கத்தில் அடங்காது என்று அவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

என் பெயர் பொன்னி. எங்கள் மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்போம், நான் வாழவந்தி நாட்டில் பிறந்தவள். பொன்னி என்று கேட்டால் மலையில் பாதிப் பேருக்குத் தெரியாது, பொட்டியக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். ராசிபுரத்தில் தட்டச்சுப் படித்து, எங்கள் மிளகு விவசாயிகள் சங்கத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது நாமக்கல்லில் ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. திரும்பி வந்து, பெட்டியைப் பாலித்தீன் உறையில் போர்த்தி, பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு ஈரம் படாமல் வளர்த்தேன். பொட்டியக்கா என்ற பட்டம் அதனால் வந்தது. படிப்பு அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் தப்புச் செய்து கற்றது. அந்தத் தப்புகளில் பெரிய ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் அருள்ராஜ் சாரைச் சொல்லியாக வேண்டும். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், எங்கள் மேலாளராகப் பதினோரு வருஷம் இருந்தார். மலைக்கு மாற்றல் என்றால் மற்றவர்கள் மறுநாளே மாற்றலுக்கு எழுதிப்போடுவார்கள். இவர் வந்த மறுநாள் ஒரு கம்பளியும் ஒரு பைபிளும் ஒரு டஜன் பென்சிலும் வாங்கி வைத்துக்கொண்டார். பேனாவில் எழுதமாட்டார். "தப்புன்னு தெரிஞ்சா அழிக்கற வசதி இருக்கோணுமுங்க" என்பார். யாராவது பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், தூங்கிவிட்டார் என்று நினைத்து எதிராளி சும்மா இரண்டு பொய்யைக் கூடுதலாகச் சொல்லிவிடுவார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, அந்த இரண்டு பொய்யை மட்டும் திரும்பக் கேட்பார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். குரல் காதில் விழாத அளவுக்கு இறங்கினால், யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம்.

எங்கள் சங்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டு விவசாயிகள். எல்லாருக்கும் சேர்த்து இயற்கை வேளாண்மைச் சான்று வாங்கியிருந்தோம். அந்தச் சான்று சும்மா வருவதில்லை. ஒவ்வொருவர் தோட்டத்துக்கும் படம், கொடி எத்தனை, என்ன உரம் போட்டார்கள், எப்போது பறித்தார்கள் என்று வருஷம் முழுக்க எழுதிய பதிவு இருக்க வேண்டும். மூன்று வருஷம் மருந்து, ரசாயன உரம் எதையும் தொடாமல் இருந்ததற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. பதிவு இல்லையென்றால், அந்த ஆள் முதல் வருஷத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மிளகுக் கொடி அதேதான், மனுஷன் அதே மனுஷன்தான், ஆனாலும் மூன்று வருஷம் போனது போனதுதான்.

இந்தப் பதிவெல்லாம் முதலில் அலுவலகத்திலேயே ஒரு சர்வர் பெட்டியில் இருந்தது. ஒரு ஐப்பசியில் இடி விழுந்து பெட்டி கருகியது. காகிதத்தில் இருந்ததை வைத்து மறுபடி ஏற்ற எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் க்ளவுட் என்று பேச்சு வந்து, கீழே இருந்து மூன்று கம்பெனிக்காரர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து, வாந்தியெடுத்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.

ஒருவர் ஐயாஸ் என்றார். அடுத்தவர் பாஸ் என்றார். மூன்றாமவர் சாஸ் என்றார். டீ கொண்டு வந்த அம்மா, "தக்காளி சாஸுங்களா?" என்று கேட்டே விட்டார். அருள்ராஜ் சார் கண்ணை மூடிக் கேட்டார். மூவரும் முடித்ததும் பென்சிலை எடுத்து, தாளில் மூன்று கட்டம் போட்டார். ஒவ்வொருவரிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேட்டார்.

"ஏனுங்க, இது யாரோட ஊடு? யாரோட பூட்டு? யாரு கூட்டறது?"

முதல் ஆளுக்குப் புரியவில்லை. சார் பொறுமையாக விளக்கினார். விவரம் வைக்கிற இடம் யாருடையது, உள்ளே யார் வரலாம் என்று முடிவு செய்வது யார், தினசரி பராமரிப்பு யார் தலையில், இதுதான் கேள்வி. அதன்பின் பதில் கடகடவென்று வந்தது. ஐயாஸ் என்பது வெறும் வீடு வாடகைக்கு. சுவரும் கூரையும் அவர்களுடையது, உள்ளே அடுப்பு போடுவது முதல் பூட்டு வாங்குவது வரை நம் வேலை, கூட்டுவதும் நாம்தான். பாஸ் என்றால் அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் போட்டுக் கொடுப்பார்கள், சமையல் மட்டும் நம்முடையது. அதாவது மென்பொருளை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். சாஸ் என்றால் அவர்கள் வீடு, அவர்கள் சமையல், கூட்டுவதும் அவர்கள். நாம் போய் இலை போட்டு உட்கார வேண்டியதுதான். நம் பெயர், நம் கடவுச்சொல், அவ்வளவே நம் கையில்.

மலையில் மென்பொருள் எழுத ஆள் ஏது? அதனால் மூன்றாவதுதான் எங்களுக்குச் சரிப்படும் என்று சார் பென்சிலால் சுழித்தார். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறந்தேன். கூப்பிடாத சபை, ஆனாலும் கருகிப்போன பெட்டி என் கண் முன்னால் நின்றது.

"சார், ஒண்ணு விட்டுப் போச்சுங்க. உள்ள இருக்கற சாமான் யாரோடது? ஊட்டைக் காலி பண்ணையில எடுத்துட்டுப் போக உடுவாங்களா?"

கம்பெனிக்காரர், "மேடம், அதெல்லாம் பிரச்சனையே இல்லை" என்றார். பிரச்சனை இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் கழுத்தைத் தடவினார். சார் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், நாலாவதாக ஒரு கட்டம் போட்டார். அன்று சாயங்காலத்துக்குள் ஒப்பந்தத்தில் இரண்டு வரி கூடியது. விவரம் சங்கத்துக்குச் சொந்தம், சங்கம் கேட்கும்போதெல்லாம் முழு நகல் இறக்கிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் திரும்ப ஏற்றவும் செய்யலாம். அந்த இரண்டு வரிக்கு நான்தான் காரணம். பெருமையாகவே சொல்கிறேன், சொல்லாமல் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நகல் எடுக்கும் முறையை நானும் சாரும் சேர்ந்து வகுத்தோம். சந்தை நாளில் எங்கள் களப்பணியாளர்கள் யாரும் தோட்டத்துக்குப் போகமாட்டார்கள், அதனால் புதுப் பதிவு ஏறாது, நெட்டும் கொஞ்சம் மூச்சு விடும். அன்று காலை பத்து மணிக்கு முழு நகலை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, திறந்து பார்த்து, எத்தனை விவசாயி என்று எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "பழசு மேல புதுசை எழுதாதீங்க, மூணு வாரத்து நகல் எப்பவும் கையில இருக்கோணும்" என்றார் சார். அதனால் மூன்று பென் டிரைவ். ஈரத்துக்கு என்ன செய்வது? வறுத்த தானியம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று மூன்று எவர்சில்வர் டப்பா வாங்கினேன். ஒன்றில் வறுத்த சாமை, ஒன்றில் வறுத்த தினை, ஒன்றில் வறுத்த ராகி. அதற்குள் புதைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். முதல் வாரம் சாமை, அடுத்தது தினை, அடுத்தது ராகி, மறுபடி சாமை.

கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர் இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்ககிட்ட மூணு ஊர்ல டேட்டா சென்டர் இருக்கு மேடம். நீங்க என்ன, தினை டப்பாவுல வைக்கிறீங்க?" சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்த நகல் வேலையால் சந்தைக்குப் போய் ஒரு முழம் பூ வாங்குவதுகூட எனக்கு நின்றுபோனது.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. நாலாவது வருஷம், சான்று புதுப்பிக்க வெளியூர் ஆய்வாளர் வரும் தேதி குறித்தாயிற்று. பட்டியல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான் ஒரு செவ்வாய்க்கிழமை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அதுவரை பார்த்திராத ஒரு மஞ்சள் கட்டம் வந்தது. நாற்பத்தொரு இரட்டைப் பதிவுகள் உள்ளன, சுத்தம் செய்யவா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

இரட்டைப் பதிவு எங்களுக்குப் பழைய தலைவலி. ஒரே விவசாயியை இரண்டு களப்பணியாளர்கள் தனித்தனியாக ஏற்றிவிடுவார்கள். கம்பெனிக்காரர்கள் ஒருவழியாக இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அமுக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு முந்நூற்று எழுபத்தொன்று ஆனது. நாற்பத்தொரு குப்பை போயிற்று என்று எனக்கு ஒரே குஷி. அடுத்த சந்தை நாள் நோட்டில் 371 என்று எழுதி, பக்கத்தில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று கோடு வேறு போட்டேன். அதற்கடுத்த சந்தை நாளும் 371.

அது கழிந்து வந்த திங்கட்கிழமை காலையில் எடப்புளி நாட்டிலிருந்து களப்பணியாளர் முருகேசன் போன் செய்தார். அந்த வியாழக்கிழமைதான் ஆய்வாளர் வருகிறார்.

"அக்கா, சடையன் ஐயா தோட்டத்துல நிக்கறேனுங்க. பதிவைத் தெறந்தா அவரு பேரனோட போட்டோ வருதுங்க. பேரனைத் தேடுனா அதே பதிவுதான் வருது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணுதான் இருக்குதுங்க."

சடையன் என்ற பெயரைக் கேட்டதுமே நடந்தது விளங்கிவிட்டது.

எங்கள் மலையில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். அது மாறாது. சடையன் மகன் பெரியண்ணன், பெரியண்ணன் மகன் சடையன், அவனுக்கு மகன் பிறந்தால் பெரியண்ணன். தாத்தாவின் அப்பா பெயரும் பெரியண்ணன்தான், பேரனின் அப்பா பெயரும் பெரியண்ணன்தான். அதனால் காகிதத்தில் இரண்டு பேருமே பெ. சடையன். தோட்டம் தனித்தனி என்றாலும் நிலத்தை இன்னும் பாகம் பிரிக்கவில்லை, ஆகவே ஒரே சர்வே நம்பர். வீட்டுக்கு ஒரே போன், ஆகவே ஒரே போன் நம்பர். ஆதார் எண்ணை நாங்கள் ஏற்றுவதில்லை. "அடுத்தவங்க ஊட்டுல நம்ம சனங்களோட ஆதார் வேண்டாம்" என்று அருள்ராஜ் சார் தடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் பார்த்தது, நாலு கட்டமும் ஒன்றாக இருந்தது, இரண்டு மனுஷனை ஒரு மனுஷனாக்கிவிட்டது. ஒருவர் பதிவை வைத்துக்கொண்டு மற்றவர் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டது. இப்படி நாற்பத்தொரு வீடு.

அதுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே? இந்த மண்ணில் பிறந்தவள்தானே நான்? கலந்துபோன ஜோடிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பதினேழாவது ஜோடி என் அப்பாவும் என் அண்ணன் மகனும். பெற்ற அப்பாவையே குப்பை என்று துடைத்துப் போட்டிருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்குச் சறுக்கியது தலைக்கனத்தால்.

சாரின் அறைக்குப் போனேன். முருகேசன் மீதோ கம்பெனி மீதோ சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

"சார், நாந்தான் அமுக்கிட்டேனுங்க. நாப்பத்தொரு பேரோட மூணு வருஷத்தை அழிச்சுப் போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, கம்பளி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். குரல் இறங்கும் என்று காத்திருந்தேன், இறங்கியது. ஆனால் காதில் விழும் அளவுக்கு இருந்தது.

"நாலாவது கேள்வி உங்களுதுதானுங்களே, பொன்னி? அதுக்குப் பதில் எந்த டப்பாவுல இருக்குது?"

முதலில் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தோம். பேசிய பெண் நல்ல பெண்தான், இனிமையாகச் சொன்னாள். அந்த மஞ்சள் கட்டம் போன மாதம் புதிதாகச் சேர்த்த வசதியாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் வீடு, நினைத்தபோது கதவை மாற்றி வைப்பார்கள், சாஸ் என்றால் அதுவும் சேர்த்துத்தான். பழைய நிலைக்குத் திருப்ப முடியும், ஆனால் ஏழு நாளுக்குள் என்றால்தான். நான் அமுக்கிப் பதிமூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று ஊர் டேட்டா சென்டரிலும் அதே 371தான் இருந்தது.

இரும்புப் பெட்டியைத் திறந்தேன். சாமை டப்பாவில் முந்தாநாள் எடுத்தது, 371. ராகியில் அதற்கு முந்தைய வாரத்தது, அதுவும் 371. மிச்சம் தினை. வரும் சந்தை நாளில் தினையைத்தான் அழித்து எழுதியிருப்பேன். ஒரு சந்தை கழிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். டேப்பைப் பிரிக்க நகம் ஓடவில்லை. சார் பென்சில் சீவும் பிளேடைக் கொடுத்தார். பென் டிரைவைத் துடைத்துச் செருகினேன், கீழே எண் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

அடேங்கப்பா, அந்த நிமிஷம் நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. நகலைத் திரும்ப ஏற்றினால் மென்பொருள் ஏற்க மறுத்தது. பெயர், தகப்பன் பெயர், சர்வே நம்பர், போன், நாலும் ஒன்றாக இருந்தால் இனிமேல் புதுப் பதிவாக எடுக்காதாம். "ஏதாவது ஒரு கட்டம் வேறயா இருக்கணும் மேடம்" என்றாள் உதவி எண் பெண். பிறந்த தேதி போடலாமா என்றால், பெரியவர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. பொய்யாக ஒரு தேதி போட்டு, அதை ஆய்வாளர் கண்டுபிடித்தால் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சான்றும் போய்விடும். சார் அதற்குச் சம்மதிக்கவில்லை. எனக்கும் மனசில்லை.

நேரில் போய்ப் பார்ப்போம் என்று முருகேசனை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, அன்று மத்தியானம் அவர் வண்டியில் எடப்புளி நாட்டுக்குக் கிளம்பினேன். மேகம் இறங்கி, முன்னால் போகும் பஸ்ஸின் பின்பக்க விளக்கு மட்டும்தான் தெரிந்தது. சடையன் ஐயா வாசலில் உட்கார்ந்து மிளகைக் கொத்திலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தார். பேரன் சடையன், முப்பது வயது ஆள், மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க பேரும் உங்க பேரன் பேரும் கம்ப்யூட்டர்ல கலந்து போச்சுங்க" என்றேன்.

"அப்பாருக்குக் காது மந்தமுங்க, சத்தமாச் சொல்லுங்க" என்றார் பேரன். எங்கள் பக்கம் தாத்தாதான் அப்பாரு. சத்தமாகச் சொன்னேன். இரண்டு தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"தானாக் கலந்துச்சா, ஆராச்சும் கலக்குனாங்களா கண்ணு?"

"நாந்தானுங்க கலக்கிட்டேன்."

கிழவர் கையில் இருந்த மிளகை முறத்தில் போட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவனுக்கு எம் பேரு வெச்சது எதுக்கு? நாஞ் செத்த பொறவு அவன் நானா இருக்கோணும்னுதான். நாந்தான் இன்னும் களியத் தின்னுட்டுக் குந்தியிருக்கறனே! அதுக்குள்ளார உனக்கென்ன அவசரம்?"

முருகேசன் சிரிப்பை அடக்க முடியாமல் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருந்து கிழவரின் மருமகள் நல்லம்மா மோர் கொண்டு வந்தார். பதிவுக்காகச் சம்பிரதாயமாக அவரிடம், "உங்க பையன் பேரு சொல்லுங்க" என்றேன்.

"அதை நாஞ் சொல்லக் கூடாதுங்க, மாமனாரு பேரு."

"அப்போ பையனை எப்படிங்க கூப்புடுவீங்க?"

"பொறந்ததுல இருந்து சாமிதானுங்க. ஊரே சாமின்னுதான் கூப்புடும்."

"ஐயாவை?"

"பெரியவருன்னு."

மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாத பெயரைத்தான் பிள்ளைக்கு வைக்கிறோம். அப்படியென்றால் தாத்தா பெயர் வைத்த ஒவ்வொரு வீட்டிலும், அந்தப் பிள்ளையைக் கூப்பிட இன்னொரு பெயர் இருந்தே தீரும். காகிதத்தில் குழப்பத்தை உண்டாக்கிய வழக்கமே வீட்டுக்குள் அதைத் தீர்த்தும் வைத்திருக்கிறது. எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. மென்பொருளில் "குறிப்பு 1" என்று ஒரு கட்டம் எதற்கும் பயன்படாமல் காலியாகக் கிடந்தது. அங்கேயே போனில் சாருக்குச் சொன்னேன்.

"வீட்டில் கூப்பிடும் பெயர்னு போடலாமுங்க சார். பொய் இல்லை, ஊரே சாட்சி."

அந்தப் பக்கம் பென்சில் தாளில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "எண்பத்திரண்டு பேருக்கும் வாங்கியாங்க" என்றார்.

செவ்வாயும் புதனும் ஐந்து களப்பணியாளர்களும் நானும் நாடு நாடாகப் போனோம். சிக்னல் இல்லாத இடத்தில் வண்டி, வண்டி போகாத இடத்தில் நடை. துரை, மொட்டை, சின்னவரு, பட்டாளம் என்று பெயர்கள் வந்தன. ஒரு தாத்தாவுக்கு வீட்டில் லாரி என்று பெயர், வாலிபத்தில் ஒருதடவை முள்ளுக்குறிச்சியில் லாரி மேல் ஏறித் தூங்கி, சேலத்தில் போய் எழுந்தவராம். அந்தப் பதிமூன்று நாளில் கலந்த பதிவுகளில் எது தாத்தா பறித்தது, எது பேரன் பறித்தது என்பதையும் வீடு வீடாகக் கேட்டுப் பிரித்தோம். புதன் சாயங்காலம் கடைசியாக என் அப்பாவை ஏற்றினேன். வீட்டில் கூப்பிடும் பெயர்: மேஸ்திரி. அண்ணன் மகன்: குட்டி. திரையில் நானூற்றுப் பன்னிரண்டு வந்தது.

சார் அதற்குப் பிறகும் விடவில்லை. நடந்ததை நடந்தபடி பதிவேட்டில் எழுதச் சொன்னார். யார் அமுக்கியது என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதினேன், பேனாவில்.

மறுநாள் வந்த ஆய்வாளர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பட்டியலில் விரலை ஓட்டி, சடையனில் நிறுத்தினார். "ஒரே பேரு, ஒரே அப்பா பேரு, ஒரே நிலம். நிஜமாவே ரெண்டு ஆளா? நான் பாக்கணும்" என்றார். கூட்டிப் போனோம். வாசலில் நின்று, "சடையன்!" என்று கூப்பிட்டார். முற்றத்திலிருந்து ஒரு குரலும் தோட்டத்திலிருந்து ஒரு குரலும் ஒரே நேரத்தில் "ஏனுங்க?" என்றன. காது மந்தமானவருக்கு அன்று எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. ஆய்வாளர் சிரித்துவிட்டார். இரண்டு தோட்டத்தையும் தனித்தனியாக நடந்து பார்த்தார், இரண்டு பதிவையும் கேள்வி மேல் கேள்வி கேட்டுச் சோதித்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சான்று வந்தது. ஒருவருக்கும் ஒருநாள்கூடக் குறையவில்லை.

கம்பெனிக்குச் சார் ஒரு கடிதம் எழுதினார். புது வசதி எதைச் சேர்த்தாலும் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கினார். "வீட்டில் கூப்பிடும் பெயர்" என்ற கட்டத்தை அவர்கள் மென்பொருளிலேயே நிரந்தரமாக்கிவிட்டார்கள், மஞ்சள் கட்டமும் தமிழில் வரத் தொடங்கியது. மற்ற மலைகளில் இருக்கும் சங்கங்களுக்கும் இப்போது அந்தக் கட்டம் போகிறதாம். அது எடப்புளி நாட்டில் ஒரு டம்ளர் மோரில் பிறந்தது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், போதும்.

அதனால், வரப்போகும் மூன்று கம்பெனிக்காரர்களிடமும் நாலு கேள்வியையும் கேளுங்கள். நாலாவதை இரண்டு முறை கேளுங்கள். டப்பாக்களை யாரும் தூக்கிப் போடாதீர்கள், தானியத்தை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி வறுத்துப் போடுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வாரம் முன்பு நல்லம்மாவும் பேரன் சடையனும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அந்த ஆடியில் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து, அவருடைய தோட்டத்தைப் பேரன் பதிவில் சேர்க்க வேண்டும் என்று வந்திருந்தார்கள். காகிதங்களைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு பதிவையும் திரையில் திறந்தேன். மஞ்சள் கட்டம் வந்தது. இந்த இரண்டு பதிவுகளையும் இணைக்கவா?

என் கை நின்றுவிட்டது. திரையை அவர்கள் பக்கம் திருப்பி, கட்டத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சடையன் தலையைக் குனிந்துகொண்டார். நல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இப்ப அமுக்குங்க பொட்டியக்கா. பெரியவரு சொன்ன நேரம் வந்துருச்சு."

அமுக்கினேன். அந்த வாரச் சந்தை நாளில் நகல் எடுத்து, எண்ணி, நோட்டில் ஒன்று குறைத்து எழுதி, தினை டப்பாவில் வைத்தேன்.